பெருந்தொற்றின் சாவுக் கணக்கு: எந்த எண்ணைப் பற்றிச் சண்டை போடுகிறோம்?

கோவிட் பெருந்தொற்றைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு பேர் மோதிக்கொள்வார்கள். "தொற்று வந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் பிழைத்துக்கொண்டார்களே, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்பார் ஒருவர். "சுடுகாட்டில் வரிசையில் நின்றவர்களிடம் போய் இதைச் சொல்லுங்கள்" என்பார் மற்றவர். முதலாமவர் கண்ணில் இரண்டாமவர் பீதி கிளப்புகிறவர். இரண்டாமவர் கண்ணில் முதலாமவர் நெஞ்சில் ஈரமில்லாதவர். பேச்சு அத்தோடு முறிந்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், இருவர் சொன்னதும் ஒரே ஊரில், ஒரே மாதத்தில் உண்மையாக இருந்திருக்க முடியும். "எத்தனை பேர் இறந்தார்கள்?" என்ற எளிய கேள்விக்குள் நாலைந்து வேறு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. ஆளுக்கொரு கேள்விக்கு விடை சொல்லிவிட்டு, அடுத்தவர் விடை தப்பு என்று அடித்துப் பேசுகிறோம். அந்தக் கேள்விகளைப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

அரை சதவீதம் என்றால் எவ்வளவு?

உலக அளவில், சாதாரண ஆண்டில், ஆயிரம் பேருக்கு ஏழெட்டுப் பேர் இறக்கிறார்கள். ஒரு கோடிப் பேர் வாழும் மாநகரம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கே ஆண்டுக்குச் சுமார் 75,000 சாவுகள், மாதத்துக்கு ஆறாயிரத்துச் சொச்சம். மருத்துவமனைப் படுக்கை, பிணவறை, அமரர் ஊர்தி, மயானத்தில் வேலை செய்யும் ஆட்கள் எல்லாமே இந்த அளவை ஒட்டித்தான் அமைந்திருக்கும். யாரும் திட்டம் போட்டு அப்படி அமைப்பதில்லை. தேவையைப் பார்த்துத் தானாகவே அப்படி அமைந்துவிடும்.

இப்போது புதிய தொற்று ஒன்று நுழைகிறது. மக்களில் அறுபது சதவீதம் பேருக்கு, அதாவது 60 லட்சம் பேருக்குப் பரவுகிறது. தொற்றியவர்களில் இருநூறு பேருக்கு ஒருவர் இறக்கிறார். 199 பேர் பிழைத்துக்கொள்கிறார்கள். கேட்பதற்கு ஆறுதலான விகிதம்தான். ஆனால் 60 லட்சத்தை இருநூறால் வகுத்தால் 30,000 வருகிறது. அந்த முப்பதாயிரமும் இரண்டே மாதங்களில் நிகழ்ந்தால்? வழக்கமாக அந்த இரண்டு மாதங்களில் 12,500 பேர் இறந்திருப்பார்கள். இப்போது 42,500 பேர். மூன்று மடங்குக்கு மேல்.

படுக்கைகளும் சிதைகளும் மூன்று மடங்காகப் பெருகுவதில்லை. அதனால் வரிசை உண்டாகிறது. தொண்ணூற்றொன்பதரை சதவீதம் பிழைக்கும் நோயால் மயானம் நிரம்புவது இப்படித்தான். ஒருவர் தனி மனிதனின் ஆபத்தைச் சொல்கிறார், மற்றவர் ஊரின் பாரத்தைச் சொல்கிறார். முதலாவது எண் சிறியதாக இருப்பதாலேயே இரண்டாவதும் சிறியதாகிவிடாது.

வகுக்கும் எண்ணில் இருக்கும் வம்பு

பள்ளிக்கூடங்கள் செய்யும் தந்திரம் ஒன்று எல்லோருக்கும் தெரியும். சுமாராகப் படிப்பவர்களைத் தேர்வு எழுதவே விடாமல் தடுத்துவிட்டால் தேர்ச்சி நூறு சதவீதம். தேர்ச்சி பெற்றவர்கள் எண்ணிக்கையில் பொய்யில்லை. எத்தனை பேரைக் கொண்டு வகுத்தார்கள் என்பதில்தான் சூட்சுமம்.

நோயின் கொடுமையை அளக்கும்போதும் இதே வம்பு வருகிறது. பரிசோதனையில் உறுதியான நோயாளிகளில் எத்தனை சதவீதம் பேர் இறந்தார்கள் என்று பார்ப்பதை நோயாளர் இறப்பு விகிதம் என்போம். அறிகுறியே இல்லாமல் வந்து போனவர்களையும் சேர்த்து, தொற்றிய எல்லோரிலும் எத்தனை சதவீதம் பேர் இறந்தார்கள் என்பது தொற்று இறப்பு விகிதம். முதலாவதைக் கணக்கிடுவது எளிது, ஆனால் அது ஏமாற்றும். பரிசோதனை அரிதாக இருக்கும் இடத்தில், மூச்சு முட்டி மருத்துவமனைக்கு வந்தவர்கள் மட்டுமே "நோயாளி" ஆகிறார்கள். வீட்டில் இரண்டு நாள் காய்ச்சலோடு படுத்து எழுந்தவர் கணக்கிலேயே வருவதில்லை. நோய் உள்ளதைவிடக் கொடியதாகத் தெரியும்.

கோவிட் வந்த புதிதில் இதைச் சரிபார்க்க எதிர்பாராத வாய்ப்பு ஒன்று கிடைத்தது. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் 'டயமண்ட் பிரின்சஸ்' என்ற உல்லாசக் கப்பல் தனிமைப்படுத்தப்பட்டது. கப்பலில் 3,711 பேர். அநேகமாக எல்லோருக்கும் பரிசோதனை நடந்தது. 712 பேருக்குத் தொற்று இருந்தது. அவர்களில் கணிசமானவர்களுக்கு அறிகுறி எதுவும் இல்லை. இறந்தவர்கள் 13 பேர் என்கிறது ஒரு கணக்கு, 14 என்கிறது இன்னொன்று. ஏறக்குறைய இரண்டு சதவீதம். (நாலாயிரம் பேர்கூட இல்லாத, கதவடைத்த ஒரு கப்பலில் நடந்த சாவுகளிலேயே ஒன்று கூடக் குறைய வருகிறது என்றால், கண்டங்களைப் பற்றிய கணக்கில் எவ்வளவு வரும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.)

அப்படியானால் இந்த நோய் இரண்டு சதவீதம் பேரைக் கொல்லும் என்று முடிவு கட்டலாமா? கூடாது. உல்லாசக் கப்பலில் போகிறவர்களில் ஓய்வு பெற்றவர்கள் அதிகம். கோவிட்டைப் பொறுத்தவரை வயதுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. தடுப்பூசி வருவதற்கு முந்தைய காலத்துக்கு, பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்து 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று தொற்று இறப்பு விகிதத்தை இப்படி மதிப்பிட்டது: 25 வயதில் 0.01 சதவீதம், 55 வயதில் 0.4, 65 வயதில் 1.4, 75 வயதில் 4.6, 85 வயதில் 15. அதாவது பத்தாயிரத்தில் ஒருவர் என்பதிலிருந்து ஏழு பேருக்கு ஒருவர் என்பது வரை, ஒரே கிருமி. இந்த ஏணியில் நிற்கும் எல்லோரையும் ஒரே சராசரிக்குள் திணித்து, "இந்த நோயின் இறப்பு விகிதம் இவ்வளவு" என்று சொல்வது, ஆனைக்கும் பூனைக்கும் சேர்த்துச் சராசரி எடை சொல்வது மாதிரி. இளைஞர்கள் நிறைந்த நாட்டில் அந்தச் சராசரி இறங்கும், முதியோர் நிறைந்த நாட்டில் ஏறும். கிருமி மாறவே வேண்டாம்.

எதிர்த்திசையில் இழுக்கும் பிழை ஒன்றும் உண்டு. 2003-ல் சார்ஸ் நோய் பரவியபோது, முதல் சில வாரங்களில் இறந்தவர் எண்ணிக்கையை நோயாளிகள் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தவர்களுக்கு மூன்று, நான்கு சதவீதம் வந்தது. எல்லாம் ஓய்ந்து கணக்கை முடித்தபோது நோயாளிகள் 8,096 பேர், இறந்தவர்கள் 774 பேர். ஒன்பதரை சதவீதம். நோய் நடுவில் கொடூரமாகிவிடவில்லை. நோயுற்றவர் இறப்பதற்கு வாரக்கணக்கில் ஆகும். இன்னும் படுக்கையில் போராடிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அந்த ஆரம்பக் கணக்கில் பிழைத்தவர்களாக எண்ணப்பட்டிருந்தார்கள். தேர்வு மண்டபத்தில் இன்னும் எழுதிக்கொண்டிருப்பவர்களையெல்லாம் தேர்ச்சிப் பட்டியலில் சேர்த்த கதைதான்.

ஆக, ஒரு சதவீதத்தை யாராவது நீட்டினால் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். வகுத்தது யாரை வைத்து? அவர்களுடைய வயது என்ன? கணக்கு எடுத்த நாளில் எல்லோருடைய கதையும் முடிந்திருந்ததா?

நோயால் இறந்தாரா, நோயோடு இறந்தாரா?

பெருந்தொற்று விவாதங்களில் அதிகம் கூச்சல் எழுந்தது இந்த இடத்தில்தான். "அவருக்கு ஏற்கெனவே சர்க்கரை நோய், இதய நோய் எல்லாம் இருந்தது. அதையும் கோவிட் கணக்கில் எழுதிவிட்டார்கள்" என்பது குற்றச்சாட்டு. இதை எடைபோட, மருத்துவர் நிரப்பும் இறப்புக் காரணச் சான்றிதழைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்க்க வேண்டும்.

உலகம் முழுவதும் அதன் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். முதல் பகுதியில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சில வரிகள். மேல் வரியில், உயிர் பிரியக் கடைசிக் காரணம். அதற்கு அடுத்த வரியில், அந்தக் காரணத்தை உண்டாக்கியது எது. அதற்கும் கீழே, அதை உண்டாக்கியது எது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அது எவ்வளவு காலமாக இருந்தது என்று எழுத ஒரு கட்டம். ஒரு சான்றிதழ் இப்படி இருக்கலாம்: முதல் வரியில் "சுவாசச் செயலிழப்பு, 2 நாள்". இரண்டாவது வரியில் "நிமோனியா, 7 நாள்". மூன்றாவது வரியில் "கோவிட்-19, 12 நாள்". பிறகு இரண்டாம் பகுதி என்று தனியாக ஓர் இடம். சாவுக்குத் துணைபோன, ஆனால் அந்தச் சங்கிலியில் நேரடியாகச் சேராத நோய்களுக்கானது அது. அங்கே "சர்க்கரை நோய், 15 ஆண்டு. உயர் ரத்த அழுத்தம், 10 ஆண்டு."

புள்ளிவிவரத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவது சங்கிலியின் அடி வரி. எல்லாவற்றையும் தொடங்கிவைத்தது எதுவோ அதை அடிப்படைக் காரணம் என்பார்கள். மேலே சொன்ன மனிதருக்கு அது கோவிட். பதினைந்து ஆண்டு சர்க்கரை நோயோடு நடமாடியவர், பன்னிரண்டு நாளில் போனார். கரையான் அரித்த தூண் பல மழைக்காலங்களைத் தாங்கி நின்றுவிட்டு, ஒரு புயலில் விழுகிறது. தூண் பழுதாகியிருந்தது உண்மை. ஆனால் அன்றைக்கு அதை விழுத்தாட்டியது புயல்.

(மேல் வரியில் "இதயம் நின்றது" என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடும் வழக்கம் எத்தனையோ இடங்களில் இருக்கிறது. இதயம் நிற்காமல் செத்தவர் யார்? அப்படிப்பட்ட சான்றிதழிலிருந்து ஒரு தகவலும் தேறாது.)

2020 ஆகஸ்டில் ஓர் எண் காட்டுத்தீயாகப் பரவியது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் தந்த தரவில், கோவிட் குறிப்பிடப்பட்ட சான்றிதழ்களில் 6 சதவீதத்தில் மட்டும்தான் கோவிட் ஒன்றே காரணமாக எழுதப்பட்டிருந்தது. "அப்படியானால் உண்மையான கோவிட் சாவு 6 சதவீதம்தான்!" என்று கிளம்பிவிட்டார்கள். சான்றிதழின் அமைப்பு தெரிந்தவருக்கு இதில் ஆச்சரியமே இல்லை. மீதி 94 சதவீதத்தில் கோவிட்டோடு சேர்த்து எழுதப்பட்டிருந்தவற்றில் நிமோனியாவும் சுவாசச் செயலிழப்பும் முக்கியமானவை. அவை கோவிட் கொல்லும் வழிகள். கத்திக்குத்தில் இறந்தவரின் சான்றிதழில் "ரத்தப்போக்கு" என்றும் இருக்கிறது, ஆகவே கத்தி கொல்லவில்லை என்று வாதிடுவதற்கு ஒப்பானது அது. சொல்லப்போனால், கோவிட் என்ற ஒற்றைச் சொல்லோடு நிற்கும் அந்த 6 சதவீதம்தான் அரைகுறையாக நிரப்பப்பட்டது.

அதற்காக எதிர்த்தரப்பின் சந்தேகம் முழுக்க அர்த்தமற்றது என்று சொல்லமாட்டேன். பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். இங்கிலாந்தில், ஒருமுறை தொற்று உறுதியானவர் எத்தனை மாதம் கழித்து எதனால் இறந்தாலும் அன்றாட கோவிட் எண்ணிக்கையில் சேர்ந்துகொண்டிருந்தார். குணமாகி வீட்டுக்குப் போனவர் பிறகு பஸ் மோதி இறந்தாலும் கோவிட் கணக்குத்தான். 2020 ஆகஸ்ட் 12 அன்று விதி மாறியது. பரிசோதனை முடிவிலிருந்து 28 நாட்களுக்குள் இறந்தால் மட்டுமே அந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். ஒரே நாளில் பிரிட்டனின் மொத்த எண்ணிக்கை 46,706-லிருந்து 41,329 ஆயிற்று. 5,377 பேர் உயிர்த்தெழவில்லை, விதிதான் மாறியது. புதிய விதியிலும் ஓட்டை உண்டு: தீவிர சிகிச்சைப் பிரிவில் முப்பத்தைந்தாம் நாள் கோவிட்டாலேயே இறந்தவர் அதில் விடுபட்டுப்போவார்.

சுருக்கமாகச் சொன்னால், அன்றாடம் செய்தியில் வந்த எண் ஒன்று, சான்றிதழ்களை வாசித்துத் தொகுத்த எண் இன்னொன்று. முன்னது வேகமானது, முரடானது. பின்னது மெதுவானது, ஓரளவு துல்லியமானது. சான்றிதழே எழுதப்படாத சாவுகளுக்கு இரண்டுமே உதவாது.

கணக்கில் வராத சாவுகள்

உலகில் நிகழும் பத்துச் சாவுகளில் ஏறக்குறைய நான்கு பதிவே ஆவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் மதிப்பிட்டது. அந்த நான்கும் எங்கே நிகழ்கின்றன என்று ஊகிப்பது கடினமல்ல. பரிசோதனை நிலையம் தொலைவில் இருக்கும் இடங்களில், வீட்டுத் திண்ணைகளில், மருத்துவர் கண்ணிலேயே படாத உடல்களாக.

பதிவு நன்றாக இருக்கும் இடத்திலும் பரிசோதனை இல்லையென்றால் பெயர் மாறிவிடும். 2009-ல் பரவிய பன்றிக் காய்ச்சலுக்கு, ஆய்வகத்தில் உறுதியான சாவுகள் உலகம் முழுக்கச் சுமார் 18,500. பிறகு நடந்த மதிப்பீட்டில் முதல் ஆண்டில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் ஐந்தே முக்கால் லட்சத்துக்கும் இடையில் வந்தது. பெரு நாடு 2021 மே 31 அன்று தன் கோவிட் எண்ணிக்கையைத் தானே மறுபரிசீலனை செய்து, 69,342 என்று இருந்ததை 180,764 ஆக்கியது. பரிசோதனை முடிவை மட்டும் நம்பாமல், மருத்துவ அறிகுறிகளையும் மற்ற ஆதாரங்களையும் சேர்த்துப் பார்த்ததன் விளைவு. ஓர் அரசு தன் கணக்கைத் தானே இரண்டரை மடங்காக உயர்த்தி அறிவிப்பது அன்றாடம் நடக்கும் காரியமல்ல.

இந்தச் சிக்கல் நம் காலத்துக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். பதினேழாம் நூற்றாண்டு லண்டனில் வாராவாரம் சாவுப் பட்டியல் அச்சாகி விற்றது. யார் எதனால் இறந்தார்கள் என்று முடிவு செய்ய, உடலைப் பார்வையிடும் வேலை வயதான ஏழைப் பெண்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. ஒரு கோப்பை பீரும் இரட்டிப்புக் கூலியும் கொடுத்தால் வெட்கப்படத்தக்க நோயின் பெயரை அவர்கள் மாற்றி எழுதிவிடுவார்கள் என்று 1662-ல் குறைபட்டுக்கொண்டார் ஜான் கிரான்ட் என்ற துணி வியாபாரி. பிளேக் என்று பதிவானால் வீட்டையே பூட்டி முத்திரை வைத்துவிடுவார்கள் என்பதால் அதை மறைக்கவும் ஆட்கள் இருந்தார்கள்.

கிரான்ட் அந்தப் பெண்களைத் திட்டுவதோடு நிற்கவில்லை. 1625-ஆம் ஆண்டு பிளேக் பரவிய கணக்கை எடுத்துவைத்து ஒரு கேள்வி கேட்டார். மற்ற ஆண்டுகளில் லண்டனில் பிளேக் அல்லாத நோய்களால் ஏழெட்டாயிரம் பேர் இறப்பது வழக்கம். அந்த ஆண்டு மட்டும் அதே "மற்ற நோய்களால்" பதினெட்டாயிரம் பேர் எப்படி இறந்தார்கள்? மற்ற நோய்களுக்கெல்லாம் திடீரென்று என்ன வந்தது? ஆகவே அதில் சுமார் பதினோராயிரம் பேர், வேறு பெயரில் எழுதப்பட்ட பிளேக் நோயாளிகளாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார். சான்றிதழை நம்பாமல், பரிசோதனை இல்லாமல், வெறும் கழித்தலைக் கொண்டு.

மிகை இறப்பு: கழித்தலில் கிடைக்கும் விடை

கிரான்ட் செய்ததற்கு இன்றைய பெயர் மிகை இறப்பு. வழக்கமாக எத்தனை பேர் இறந்திருப்பார்களோ, அதற்கு மேல் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது. மின் கட்டணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சாதனம் எவ்வளவு மின்சாரம் இழுத்தது என்று தனித்தனியாக யாரும் அளப்பதில்லை. ஆனால் மாதாமாதம் இருநூறு யூனிட் வரும் வீட்டில் ஒரு மாதம் அறுநூறு வந்தால், புதிதாக ஏதோ ஓடியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அதன் பெயர் என்ன என்ற வாக்குவாதம் ஒரு பக்கம் நடக்கட்டும், நானூறு யூனிட் செலவானது செலவானதுதான்.

இந்த அளவுகோலின் பலம் அங்கேதான் இருக்கிறது. காரணத்தைப் பற்றிய சண்டைக்குள் அது போவதே இல்லை. நோயாலா, நோயோடா என்று கேட்பதில்லை. பரிசோதனை செய்தீர்களா என்று கேட்பதில்லை. உடல்களை மட்டும் எண்ணுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வில்லியம் ஃபார் என்ற ஆங்கிலேயப் புள்ளியியலாளர், 1847-ல் லண்டனில் பரவிய இன்ஃப்ளுயென்சாவை இதே முறையில்தான் அளந்தார்.

2020 மார்ச்சில் இத்தாலியின் பெர்கமோ மாகாணத்தில் நடந்தவை, முந்தைய ஐந்து ஆண்டுகளின் மார்ச் சராசரியைவிட 568 சதவீதம் அதிகமான சாவுகள். ஆறரை மடங்குக்கு மேல். அந்த ஊர் நாளிதழில் ஓரிரு பக்கம் வரும் இரங்கல் அறிவிப்புகள் பத்துப் பக்கங்களுக்கு ஓடின. இதைப் பார்த்த பிறகும் "வழக்கமான காய்ச்சல்தான்" என்று சொல்வதானால், வழக்கம் என்ற சொல்லுக்கு வேறு பொருள் தேட வேண்டும்.

உலகம் முழுவதற்கும் இந்தக் கணக்கை உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் வெளியிட்டது. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மிகை இறப்பு 1 கோடியே 49 லட்சம். 1 கோடியே 33 லட்சத்துக்கும் 1 கோடியே 66 லட்சத்துக்கும் இடையில் எதுவாகவும் இருக்கலாம் என்று வரம்பும் கொடுத்தார்கள். அதே காலத்தில் நாடுகள் அறிவித்த கோவிட் சாவுகள் சுமார் 54 லட்சம். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல்.

இனி இந்த முறையின் பலவீனம். அதை மறைத்துவிட்டு மிகை இறப்பை வேதவாக்காகக் காட்டுபவர்கள் மேல் எனக்கு நம்பிக்கையில்லை. கழித்தலில் இரண்டு எண்கள். ஒன்று, உண்மையில் இறந்தவர்கள். மற்றது, பெருந்தொற்று வராமலிருந்தால் இறந்திருக்கக்கூடியவர்கள். இந்த இரண்டாவது எண்ணை எவரும் கண்ணால் பார்த்ததில்லை. அது நடக்காத ஓர் ஆண்டைப் பற்றிய ஊகம். அதை எதிர்பார்ப்பு அளவு என்போம். முந்தைய ஐந்தாண்டுச் சராசரியை எடுத்தால், முதியோர் பெருகிவரும் நாட்டில் அது குறைவாக விழும், மிகை இறப்பு ஊதிப் பெருக்கும். போக்கைக் கோடாக வரைந்து நீட்டினால், கோட்டின் கடைசி வளைவு எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும். உலக சுகாதார நிறுவனமே இதில் சறுக்கியது. ஜெர்மனிக்கு அவர்கள் வரைந்த கோடு, 2019-ல் இருந்த சிறு இறக்கத்தைப் பிடித்துக்கொண்டு கீழ்நோக்கியே போனது. எதிர்பார்ப்பு அளவு தாழ்ந்தது, மிகை இறப்பு அளவுக்கு மீறி உயர்ந்தது. புள்ளியியலாளர்கள் கேள்வி எழுப்பிய பிறகு ஜெர்மனியின் எண்ணைக் கணிசமாகக் குறைத்தார்கள்.

இதைவிடப் பெரிய தகராறு இந்தியாவைப் பற்றியது. அந்த மதிப்பீட்டின்படி இந்தியாவின் மிகை இறப்பு 47 லட்சம். 2021 முடிவில் அரசு அறிவித்திருந்த கோவிட் சாவுகள் 4 லட்சத்து 81 ஆயிரம். முழுமையான பதிவுத் தரவு கைக்கு வராததால் கணித மாதிரியைக் கொண்டு நிரப்பினார்கள் என்பது இந்திய அரசின் ஆட்சேபம். மாதிரி என்ற மட்டில் அந்த ஆட்சேபத்துக்கு இடமுண்டு. 2025-ல் வெளியான குடிமைப் பதிவு விவரப்படி, 2020-ல் பதிவான சாவுகள் சுமார் 81 லட்சம், 2021-ல் சுமார் 1 கோடியே 2 லட்சம். ஒரே ஆண்டில் 21 லட்சம் கூடுதல். பதிவு செய்யும் பழக்கம் ஆண்டுதோறும் கூடிக்கொண்டே வருவதால் இதில் ஒரு பகுதி அதன் பலன். எவ்வளவு பகுதி என்பதில்தான் சண்டை நிற்கிறது. ஆனால் நாலே முக்கால் லட்சம் என்ற எண்ணை இந்த ஏற்றத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அது முழுக்கணக்கு என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மிகை இறப்பு என்பது கூட்டிக் கழித்த நிகர எண். படுக்கை கிடைக்காமல் மாரடைப்பில் இறந்தவர் அதில் கூடுகிறார். ஊரடங்கில் சாலை வெறிச்சோடியதால் விபத்தில் சாகாமல் தப்பியவர் அதில் குறைகிறார். ஆஸ்திரேலியா போன்ற சில நாடுகளில் 2020-ல் எதிர்பார்த்ததைவிடக் குறைவானவர்களே இறந்தார்கள். கோவிட் அதிகம் நுழையவில்லை, வழக்கமான குளிர்காலக் காய்ச்சலும் காணாமற்போனது. ஆகவே இந்த எண் "கிருமி இத்தனை பேரைக் கொன்றது" என்று சொல்வதில்லை. "அந்த ஆண்டு இத்தனை பேரைக் கூடுதலாக இழந்தோம்" என்று சொல்கிறது.

"எப்படியும் போயிருப்பார்கள்"

இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள் என்பது உண்மை. அதிலிருந்து, "சராசரி ஆயுள் எண்பது, இறந்தவர்களின் வயதும் எண்பது, அப்புறம் என்ன இழப்பு?" என்று தாவுவார்கள். இதில் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. சராசரி ஆயுள் என்பது பிறந்த குழந்தைக்குச் சொல்லும் எண். அதில் இளம் வயதில் இறந்தவர்களும் அடக்கம். எண்பதைத் தொட்டுவிட்டவர் அந்த ஆபத்துகளையெல்லாம் தாண்டியவர். பணக்கார நாடுகளில் எண்பது வயதானவர் சராசரியாக இன்னும் எட்டு, ஒன்பது ஆண்டுகள் வாழ்கிறார். இணைநோய் உள்ளவர்களுக்கு அது குறையலாம். அப்படிக் குறைத்தாலும் வாரக் கணக்கில் வந்து நிற்பதில்லை.

இதைச் சரிபார்க்க வழியும் உண்டு. ஓரிரு மாதத்தில் இறக்கவிருந்தவர்களைத்தான் நோய் முந்திக்கொண்டு கொண்டுபோனது என்றால், அலை ஓய்ந்த பிறகு சாவுகள் வழக்கத்தைவிடக் குறைய வேண்டும். முன்பணம் வாங்கியவருக்கு அடுத்த மாதச் சம்பளத்தில் பிடித்தம் விழுவதைப் போல. கடும் வெயில் அலைகளுக்குப் பின் இப்படி ஒரு பள்ளம் விழுவது சில இடங்களில் தெரிந்திருக்கிறது. கோவிட்டின்போது முழுக் கணக்கையும் ஈடுகட்டும் பள்ளம் விழவில்லை. அமெரிக்காவில் சராசரி ஆயுள் 2019-ல் 78.8 ஆண்டுகள். 2020-ல் 77.0. 2021-ல் 76.4. சில வாரங்கள் மட்டும் முன்னதாக நேர்ந்த சாவுகள் இந்த எண்ணை இப்படிச் சரித்திருக்காது.

வேறொரு வாதமும் அடிக்கடி காதில் விழும்: "இத்தனை பேர் சாவார்கள் என்றார்கள், அவ்வளவு பேர் சாகவில்லையே." குடை பிடித்து நனையாமல் வந்தவர், மழையே பெய்யவில்லை என்று சொல்வதற்கு நெருக்கமானது இது. ஆனால் நனையாததற்கு எந்தக் குடை காரணம் என்பதை சாவுக் கணக்கு மட்டும் சொல்லாது. ஒன்றரைக் கோடி என்ற எண்ணை முழுக்க ஏற்றுக்கொண்ட ஒருவர், பள்ளிகளை அத்தனை மாதம் மூடியது தவறு என்று வாதிடலாம். அதில் முரண்பாடு இல்லை. எத்தனை பேர் இறந்தார்கள் என்பது ஒரு கேள்வி, அதற்கு என்ன செய்திருக்க வேண்டும் என்பது வேறு கேள்வி. இரண்டாவதில் தோற்றுவிடுவோமோ என்ற பயத்தில்தான் பலரும் முதலாவதில் எண்ணைக் குறைக்கவோ கூட்டவோ முனைகிறார்கள் என்பது என் எண்ணம்.

நூறு ஆண்டாக முடியாத கணக்கு

1918-ல் பரவிய இன்ஃப்ளுயென்சாவில் உலகம் முழுவதும் எத்தனை பேர் இறந்தார்கள்? 1927-ல் ஒரு மதிப்பீடு இரண்டு கோடியே பதினைந்து லட்சம் என்றது. 2002-ல் இன்னொன்று ஐந்து கோடி என்றது, பத்துக் கோடியாகவும் இருக்கலாம் என்று சேர்த்துக்கொண்டது. 2018-ல் வேறொன்று சுமார் 1 கோடியே 70 லட்சம் என்று இறக்கியது. யாரும் பொய் சொல்லவில்லை. பரிசோதனையே இல்லாத, பல இடங்களில் சான்றிதழும் இல்லாத ஓர் உலகத்தில், உண்மையில் இறந்தவர்கள் எத்தனை, எதிர்பார்ப்பு அளவு எது என்பதில்தான் ஒவ்வொருவரும் வேறுபட்டார்கள்.

இந்த வேறுபாட்டில் கணிசமான பங்கு இந்தியாவைப் பற்றியது. அன்றைக்குக் கிராமங்களில் சாவைப் பதிவு செய்ய வேண்டிய ஊழியர்களும் காய்ச்சலில் படுத்துவிட, பதிவே குலைந்துபோனது. ஆகவே பின்னால் வந்தவர்கள் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கையில் எடுத்தார்கள். இன்றைய எல்லைக்குள் அடங்கும் இந்தியாவில் 1901-ல் சுமார் 23.8 கோடிப் பேர், 1911-ல் 25.2 கோடி. அதே வேகத்தில் போயிருந்தால் 1921-ல் 26 கோடியைத் தாண்டியிருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தபோது இருந்தவர்கள் 25.1 கோடி. அந்த இடைவெளியில் இன்ஃப்ளுயென்சாவுக்கு எவ்வளவு, பிளேக்குக்கு எவ்வளவு, பஞ்சத்துக்கு எவ்வளவு, பிறக்காமலே போன குழந்தைகள் எத்தனை என்று பிரிக்கும் வேலை இன்னும் நடக்கிறது. அன்றைய இந்தியா முழுவதற்குமான மதிப்பீடுகளில் பல ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் இரண்டு கோடிக்கும் இடையில் நிற்கின்றன.